கோகிலவாணியின் ஐந்து நட்சத்திரங்கள்

இன்குரல் கருவி வீட்டுக்கு வந்த அன்று சென்னியப்பன் பேசிய முதல் வாக்கியம், “காப்பியா இது, கழனித்தண்ணியா?” என்பதுதான்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு அவர் பேசுகிறார். மனைவி கோகிலவாணி டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குரல் அவருடையதேதான். வாட்ஸ்அப்பில் சாயப்பட்டறை ஆட்களைத் திட்டி அவர் அனுப்பியிருந்த பழைய குரல்பதிவுகளைக் கொடுத்துத்தான் அந்தக் குரலைச் செய்து வாங்கியிருந்தார்கள். அந்தப் பதிவுகளுக்கு மட்டும் வீட்டில் பஞ்சமே இல்லை.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இருபத்தாறு வருஷம் மேனேஜராக இருந்தவர் அவர். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்தன. அதோடு வாயும் போனது. நினைப்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது, அதை வார்த்தையாக்கும் இடம்தான் மூளையில் கெட்டுப்போயிற்று என்றார் டாக்டர். எழுதவும் வராது, எழுத்தைக் காட்டிக் கேட்டாலும் குழம்பிப்போவார். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த பெண்தான் இன்குரலைப் பற்றிச் சொன்னாள். தலையைச் சுற்றி ஒரு பட்டை, சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். அவர் நினைப்பதைப் பட்டை எடுத்துக் கொடுக்கும், பெட்டி பேசும்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோகிலவாணியின் போனில் ஒரு கேள்வி வரும். “இன்று இன்குரல் உங்களுக்கு எப்படி இருந்தது?” கீழே ஐந்து நட்சத்திரங்கள். விருப்பம் இருந்தால் கருத்தையும் பேசி அனுப்பலாம்.

மற்றவர்கள் இதையெல்லாம் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் அப்படியில்லை. பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் செக்கிங் பார்த்தவள். ஒரு துணியில் ஒரு நூல் இழுத்திருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைத்த கை. குறையைக் கண்டும் சொல்லாமல் விடுவது அவளுக்குத் தப்பு செய்த மாதிரி இருக்கும்.

“ஒரு ஸ்டார் கொறச்சிருக்கறனுங்க. காதுக்கு மேல பட்டை சுடுதுங்க” என்று முதல் நாளே சொன்னாள். ஒரு வாரத்தில் மெத்தையிட்ட புதுப் பட்டை கூரியரில் வந்தது. “மிக்ஸி ஓடறப்ப அவரு பேசறது அறுந்து அறுந்து வருதுங்க” என்றாள். அதுவும் சரியானது. “மத்தியானத்துக்கு மேல சார்ஜ் நிக்கறதில்லீங்க” என்றாள். பெரிய பேட்டரி வந்தது. சொன்னதைக் கேட்டு, சொன்னபடி மாற்றிக்கொள்ளும் ஒன்று அவள் வாழ்க்கையில் வந்தது அதுதான் முதல் தடவை.

இன்குரல் வாங்கிய குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் ஆளாளுக்குக் கருத்துச் சொல்வார்கள். ஈரோட்டுக்காரர் ஒருவர், “அம்மா நல்லா பேசறாங்க, ஆனா மழை நாள்ல ஒரே வார்த்தையைப் பத்துத் தரம் சொல்றாங்க” என்று எழுதுவார். சேலத்து டீச்சர் ஒருத்தி, “மாமியாருக்கு வாய் போன வருஷம் வீடே கோயில் மாதிரி இருந்துச்சு. நானே கைக்காசு குடுத்து வாங்கி மாட்டி விட்டிருக்கேன்” என்று எழுதியபோது நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். கோகிலவாணியும் போட்டாள். போட்ட பிறகு, அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நேரம் யோசித்தாள்.

சென்னியப்பனின் வாய் அப்படிப்பட்டது. கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “இவளே” என்பார், கோபம் வந்தால் “ஏய்” என்பார். ஒரே மகள் தாரணி, கூட வேலை செய்த வேறு சாதிப் பையன் அமலனைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அவளுடைய துணிமணியையெல்லாம் வாசலில் போட்டு, “எனக்குப் பொண்ணு பொறக்கவே இல்ல” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியவர். கோகிலவாணி மகளோடு ஒளிந்து ஒளிந்துதான் போனில் பேசுவாள்.

இன்குரல் வந்த மூன்றாவது மாதம் அது நடந்தது. அவர் படுத்ததிலிருந்து பக்கத்து வீட்டு வளர்மதிதான் ஒத்தாசையாக இருந்தாள். அன்றைக்கு இட்லி கொண்டுவந்து, கட்டில் பக்கம் நின்று “எப்படி இருக்கீங்ண்ணா?” என்று கேட்டாள்.

பெட்டி சொன்னது: “தெனமும் எதுக்கு வர்றா இவ? நான் எப்பச் சாவேன்னு பாத்துட்டுப் போறதுக்கா?”

வளர்மதி இட்லிப் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதன் பிறகு வரவில்லை. அன்று சாயங்காலம் கோகிலவாணி ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தாள். கருத்தும் சொன்னாள்.

“மெஷின்ல குத்தம் இல்லீங்க. பேசறது தெளிவா இருக்குதுங்க. பேசற பேச்சுத்தான் நல்லா இல்லீங்க. மனசுல ஆயிரம் வரும், எல்லாத்தையுமா வெளிய கொட்டோணும்? வாய் நல்லா இருக்கறவங்களே பாதிய முழுங்கிட்டுத்தானுங்க பேசறாங்க.”

‘உங்கள் கருத்துக்கு நன்றி. கவனத்தில் கொள்கிறோம்’ என்று பதில் வந்தது. எப்போதும் வருகிற பதில்தான்.

பத்துப் பதினைந்து நாளில் அவர் பேச்சு மாறத் தொடங்கியது. முதலில் வசவு குறைந்தது. பிறகு, குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அவளே சொன்னபோது, “பரவாயில்ல, சாப்படறேன்” என்றது பெட்டி. ஒரு நாள் அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போது அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“கோகிலா, நீ சாப்பிட்டியா?”

கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. தன் பெயர் அவர் வாயில் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நோயில் கிடந்து மனிதர் பக்குவப்பட்டுவிட்டார் என்று நினைத்தாள். அன்று ஐந்து நட்சத்திரம் கொடுத்தாள். அப்புறம் தினமும் ஐந்துதான்.

ஆசை ஒன்று நிறைவேறினால் அடுத்தது எழுந்து நிற்கிறது. ஒரு சாயங்காலம் போனை வாய்க்கருகே வைத்துக்கொண்டு, “எம்பொண்ணுகிட்ட அவரு ஒரு வார்த்தை பேசினாப் போதுங்க. அஞ்சு என்ன, பத்து ஸ்டார் இருந்தாலும் குடுத்துருவேனுங்க” என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை. மனசு தாங்காமல் சொன்னாள்.

மூன்றாவது வாரம் பெட்டி கேட்டது. “தாரணி எப்படி இருக்கா? மாப்பிள்ளையக் கூட்டிட்டு வரச் சொல்லு.”

அவர்கள் வந்தார்கள். தாரணி வாசல்படியிலேயே அழ ஆரம்பித்தாள். அமலன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்றான்.

“வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க” என்றது பெட்டி. “நீ எளைச்சுட்டயே கண்ணு.”

கட்டிலில் சென்னியப்பனின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. முகம் கறுத்துச் சிவந்திருந்தது. கோகிலவாணி துண்டால் துடைத்துவிட்டாள்.

“சந்தோஷத்துல வருது” என்றது பெட்டி.

தாரணி குனிந்து அவருடைய இடது கையைப் பிடித்தாள். நல்லாயிருந்த கை அது ஒன்றுதான். அவர் அதை வெடுக்கென்று உருவிக்கொண்டார்.

“கை நடுங்குது கண்ணு, வேற ஒண்ணுமில்ல” என்றது பெட்டி.

அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாரணி அப்பாவோடு போனில் பேசினாள்.

மார்கழியில் அவர் இடது காலைக் கட்டிலில் தேய்க்க ஆரம்பித்தார். கையால் காலைக் காட்டினார்.

“என்னுங்க, காலுக்கு என்ன?”

“குளுருது கோகிலா. சாக்ஸ் போட்டு விடு.”

போட்டுவிட்டாள். மறுநாளும் காட்டினார். இன்னொரு ஜோடியை அதன் மேலேயே போட்டாள். இடது கையால் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். “பொழுது போகல, சும்மா தட்டறேன்” என்றது பெட்டி. ராகம் எதுவும் இல்லாத அந்தத் தட்டலுக்கு அவள் அடுப்படியிலிருந்து சிரித்தாள். இரண்டு நாளுக்கு ஒரு தடவை “ஒடம்பு எப்படீங்க இருக்குது?” என்று கேட்பாள். “எனக்கென்ன, ராஜா மாதிரி பாத்துக்கறே” என்று பதில் வரும். துடைத்துவிடும்போது கால் பக்கம் போனால் அவர் முனகுவார். சாக்ஸைத் தொட்டதும் “இருக்கட்டும், கதகதப்பா இருக்குது” என்று பெட்டி சொல்லும். அவளும் விட்டுவிடுவாள்.

கடைசியில் நாற்றம்தான் சொன்னது. சாக்ஸை உருவியபோது அதோடு தோலும் வந்தது. மூன்று விரல்கள் கரி மாதிரி இருந்தன.

“சர்க்கரை இருக்கறவரு. விரல் இடுக்குல புண்ணு வந்து எப்படியும் நாப்பது நாள் ஆயிருக்கும்” என்றார் அறுவைச் சிகிச்சை டாக்டர். “துடிச்சுப் போயிருப்பாரே. ஒரு தரமாவது வலிக்குதுன்னு சொல்லலியா?”

“தெனமும் கேப்பேனுங்க டாக்டர். நல்லா இருக்கேன்னுதான் சொன்னாருங்க.”

டாக்டர் அவளைப் பார்த்த பார்வை அவளுக்கு ரொம்ப நாள் மறக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்தார்கள். தாரணி போனில் கதறினாள். வெகு நாள் வைத்தியத்துக்குப் பிறகு அப்போதுதான் கரு தங்கியிருந்தது. பயணமே கூடாது என்று படுக்க வைத்திருந்தார்கள். “நீ வர வேண்டாம் சாமி, நான் பாத்துக்கறேன்” என்றாள் கோகிலவாணி.

வீட்டுக்கு வந்ததும் கம்பெனிக்குப் போன் செய்து, மெஷின் பழுது என்றாள். கோயம்புத்தூர் அலுவலகத்திலிருந்து ஃபர்ஹானா என்ற இன்ஜினியர் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். பெட்டியைத் தன் மடிக்கணினியோடு இணைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பழுது எதுவும் இல்லீங்கம்மா” என்றாள் மெதுவாக. “உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“சொல்லு கண்ணு.”

“நாம நெனைக்கறது ஒரே வாக்கியமா வராதுங்கம்மா. ஒரே சமயத்துல நாலஞ்சு எந்திரிக்கும். அதுல எதைப் பேசறதுன்னு இதுதான் எடுக்கோணும். எதைப் பேசினா நீங்க நல்லாருக்குன்னு சொல்றீங்களோ, அடுத்த தடவை அந்த மாதிரி ஒண்ண எடுக்கும்.”

“நான் சொல்றதா? பேசறது அவருதானம்மா?”

“பயனாளர்னு உங்க பேருதானுங்க பதிவாகியிருக்குது. அவரு பேரு ‘அணிபவர்’னு இருக்குது. அணிபவர்கிட்ட கருத்துக் கேக்கறதுக்கு இதுல வழி இல்லீங்க.”

கோகிலவாணி சுவரில் சாய்ந்துகொண்டாள். “அவரு நெனைக்காததைக் கூடப் பேசுமா?”

“மொதல்ல பேசாதுங்க. அவரு மனசுல இருக்கற நாலஞ்சுல ஒண்ணுகூட உங்களுக்குப் பிடிக்காதுன்னு அதுக்குத் தெரிஞ்சா, கிட்டத்துல ஒண்ண அதுவே இட்டுக்கட்டிக்கும். கடைசி ரெண்டு மாசம் பட்டையில இருந்து வந்ததை இது எடுத்துக்கவே இல்லீங்கம்மா. அதுபாட்டுக்குத்தான் பேசிட்டு இருந்திருக்குது.”

“வந்ததெல்லாம் அதுல இருக்குதா?”

“இருக்குதுங்க. பாக்க வேண்டாங்கம்மா.”

“காட்டு.”

ஃபர்ஹானா திரையைத் திருப்பினாள். ‘கால் வலிக்குது’ என்பது ஆயிரத்து முந்நூற்று நாற்பது தடவை. ‘சாக்ஸைக் கழட்டு’ இருநூற்றுச் சொச்சம். தாரணியும் அமலனும் வந்த நாளைத் தேடச் சொன்னாள். ‘வெளிய போகச் சொல்லு.’ ‘எனக்கு இவ செத்தவ.’ ‘தொடாதே.’ கோகிலவாணி உதட்டைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்தாள். செக்கிங் மேஜையில் துணி ஓடுவது மாதிரி வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

“கடைசி வாரத்துல உங்க பொண்ணு பேரு நெறையத் தடவை வருதுங்க” என்றாள் ஃபர்ஹானா.

“கூப்புடுன்னு சொல்றாரா? இல்ல, வேண்டாங்கறாரா?”

“பேரு மட்டும்தானுங்க இருக்குது. மீதியைப் பிரிச்செடுக்கறதுக்கு இது மெனக்கெடல.”

அன்றைக்கே பழைய நிலைக்கு மாற்றித் தரச் சொன்னாள். பெட்டி கற்றுக்கொண்டதையெல்லாம் எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு, புத்தம் புதிதாகக் கட்டிலில் வைத்தாள் ஃபர்ஹானா. பட்டையை மாட்டினார்கள். சென்னியப்பன் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஃபர்ஹானா கிளம்பிப் போன பிறகுதான் பெட்டி பேசியது.

“எங்காலு எங்க?”

“எனக்குத் தெரியாமப் போச்சுங்க” என்று அவள் தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் தலையை வைத்துக்கொண்டாள். “நீங்கதான் பேசறீங்கன்னு நெனச்சனுங்க. சத்தியமாத் தெரியாதுங்க.”

“தெரியாதா?” என்றது அவருடைய குரல், எந்தப் பூச்சும் இல்லாமல். “முப்பத்தோரு வருசம் எங்கூட இருந்திருக்கறே. ஒருக்காவாச்சும் நான் உன்னச் சாப்பிட்டியான்னு கேட்டிருக்கறனா? நானில்லைன்னு உனக்கு அன்னைக்கே தெரியும். அவன் உனக்குப் பிடிச்சிருந்தான். கம்முனு இருந்துட்டே.”

அவள் சொல்ல இருந்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தாள். எதுவும் நிற்கவில்லை.

“அவங்கூடவே குடும்பம் நடத்து” என்றார். இடது கையால் பட்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் எறிந்தார்.

அதன் பிறகு அவர் பட்டையை மாட்ட விடவில்லை. கெஞ்சிப் பார்த்தாள். உறங்கும்போது மாட்டப் போனவளின் மணிக்கட்டைக் கடித்தார். படங்கள் போட்ட அட்டை ஒன்றை வாங்கி வந்து, தண்ணீர், சோறு, வலி என்று தொட்டுக் காட்டச் சொன்னாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஊட்டினால் சாப்பிட்டார். துடைத்தால் கிடந்தார். வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. அவளுக்குத் தன் குரலே தொண்டையில் துருப்பிடித்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாரணி கூப்பிட்டபோது, அப்பா தூங்குகிறார் என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். “எங்கிட்ட மறுபடியும் கோவமாம்மா?” என்று தாரணி கேட்டபோது அவள் குரல் உடைந்திருந்தது. “படுத்தே கெடக்கறேம்மா. வாரத்துக்கு ஒருக்கா அப்பா பேசறதை வெச்சுத்தான் நாளை ஓட்டறேன்.”

கோகிலவாணி ஃபர்ஹானாவுக்குப் போன் செய்தாள். பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு என்றுதான் பேச்சை ஆரம்பித்தாள்.

“அவரு மாட்டறதே இல்லைன்னா எடுத்துக்கறமுங்கம்மா.”

“அன்னைக்கு எடுத்து வெச்சயே, பழசு. அதை என்ன செஞ்சீங்க?”

“இருக்குதுங்க. பயனாளர் சொல்லாம நாங்க அழிக்க முடியாது. அது பட்டை இல்லாமயே பேசுமுங்க. நானா இருந்தா அழிச்சுருவேங்கம்மா.”

“நீ நானில்லையே கண்ணு” என்றாள் கோகிலவாணி. “ஏத்திக் குடு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பெட்டியை அடுப்படி மேடையில் வைத்தாள். அறைக் கதவைச் சாத்தினாள். போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

“என்ன கண்ணு, உள்ள இருக்கறவன் படுத்தறானா?” என்றது பெட்டி.

தாரணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். சாப்பிட்டது, வாந்தி எடுத்தது, அமலன் சமைத்துக் கருக வைத்தது எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். பெட்டி எல்லாவற்றுக்கும் பதமாகப் பதில் சொன்னது. கோகிலவாணி அதன் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முகத்தில் அவளை அறியாமல் ஒரு மலர்ச்சி வந்திருந்தது.

அறைக்குள் கட்டில் கம்பி தட்டப்பட்டது. ஒரு தடவை. பிறகு விடாமல்.

“என்னம்மா சத்தம்?”

“பக்கத்து வீட்ல ஏதோ கட்டறாங்க” என்றாள்.

மகளைக் கேட்டுத் தட்டுகிறாரா, மகள் குரலை நிறுத்தச் சொல்லித் தட்டுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்ப் பட்டையை நீட்டிப் பார்த்திருக்கலாம். இந்தத் தடவை ஒருவேளை மாட்டிக்கொண்டிருப்பார். கீரையில் பழுத்த இலை ஒன்று இருந்தது. அதைக் கிள்ளிப் போட்டாள்.

“அப்பா, ஒரு நல்ல சேதி” என்றாள் தாரணி. “மூணு மாசம் முடிஞ்சுருச்சு. பயணம் போலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வரட்டுமா?”

“இதென்ன கேள்வி? ஒரு வாரம் இருக்கற மாதிரி வாங்க கண்ணு” என்றது பெட்டி, கோகிலவாணியைக் கேட்காமலேயே.

போனை வைத்த பிறகு அவள் மீதிக் கீரையையும் ஆய்ந்து முடித்தாள். தட்டல் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போனாள். சென்னியப்பன் அவளையே பார்த்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து, பல நாளைக்குப் பிறகு, அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தட்டித் தட்டி விரல் முட்டிகள் கன்றியிருந்தன.

தாரணி வரும்போது பட்டை தலையில் இருக்கிற மாதிரி இருந்தால் போதும், அது ஓட வேண்டியதில்லை. பெட்டியைத் தலையணை ஓரம் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கைதான் அதைப் பிடுங்கிப் போடும். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் குழாயைப் பிடுங்காமல் இருக்க மெத்தென்ற துணி வைத்துக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள், தழும்பே விழவில்லை. தாரணி கேட்டால், சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறார், அதற்காகத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அவளே சொல்லக்கூடத் தேவையில்லை. அவரே சொல்லிவிடுவார்.